எஸ்எஸ்டி போட்டும் ஏன் இழுக்குது?

குழு: நம்ம வீட்டு ஆளுங்க

பெரியப்பா (காலை 7:12): அனைவருக்கும் காலை வணக்கம். நேத்து கம்ப்யூட்டருக்குப் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிட்டு எஸ்எஸ்டிங்குற வேகமான டிஸ்க் மாட்டியாச்சு. முன்னைக்கு இப்ப மோசம். ஆன் பண்ணிட்டு காபி குடிச்சு முடிச்சாலும் லினக்ஸ் மின்ட் சின்னமே நிக்குது.

சித்தி (7:15): 🌹🌹 இனிய வியாழன்

மணி அண்ணன் (7:31): எஸ்எஸ்டின்னா இருபது செகண்டுக்குள்ள வந்துரணுமே பெரியப்பா. உள்ள வந்தப்புறம் எப்படி இருக்கு?

பெரியப்பா: பென்ஷன் சைட்டும் யூட்யூபும் சேர்த்துத் திறந்தா அப்படியே உறைஞ்சு போகுது. மவுஸ் கூட நகரல. கடைக்காரர்ட்ட கேட்டேன், 4 ஜிபி ராம் (மெமரி) பத்தாது, 8 போடுங்கன்னார்.

அத்தை: அண்ணே பேசாம அதை எடைக்குப் போட்டுட்டு புதுசு வாங்குங்க

மணி அண்ணன்: அதெல்லாம் வேணாம். ஃபார்மட் பண்ணி மின்ட்டைப் புதுசாப் போட்டா சரியாயிடும்.

பிரபு (8:04): இருங்க இருங்க. ராமும் வேணாம் ஃபார்மட்டும் வேணாம். மொதல்ல அது எதுக்காகக் காத்துக்கிட்டு நிக்குதுன்னு பாப்போம். பெரியப்பா, ரீஸ்டார்ட் பண்ணி, மின்ட் சின்னம் வந்ததும் எஸ்கேப் கீயை ஒரு தட்டு தட்டுங்க. பின்னாடி ஓடுற எழுத்தை போட்டோ எடுத்துப் போடுங்க.

பெரியப்பா (8:19): 📷 படம்
சிவப்பு நட்சத்திரம் அங்கயும் இங்கயும் ஆடுது. 47 செகண்ட், பக்கத்துல 1 நிமிஷம் 30 செகண்ட்னு இருக்கு.

பிரபு: அதேதான். அந்த ஒன்றரை நிமிஷம், கம்ப்யூட்டர் ஆன் ஆகுற வேலையை (பூட்) நடத்துற சிஸ்டம்டி வச்சிருக்குற கெடு. ஒரு டிஸ்க் வரும்னு பாத்துக்கிட்டே இருக்கும், 90 செகண்ட் ஆனா கைய விரிச்சுட்டு மேல போகும். கடையில டிஸ்க்கை எப்படி மாத்துனாங்க? புதுசா இன்ஸ்டாலா, காப்பியா?

பெரியப்பா: பழசை அப்படியே காப்பி பண்ணித் தர்றேன்னார். என் ஃபைல் எல்லாம் இருக்கு.

பிரபு: சரி. இப்ப கமாண்ட் அடிக்குற டெர்மினல் திறங்க. நான் போடுற படத்துல இருக்குறதை ஒரு எழுத்து விடாம டைப் பண்ணுங்க. நடுவுல இருக்குற இடைவெளியும் முக்கியம்.
📷 படம்
📷 படம்
📷 படம்

சித்தி: பிரபு ஞாயித்துக்கெழம வளைகாப்புக்கு வர்றியா இல்லியா

பிரபு: வர்றேன் சித்தி

பெரியப்பா (8:52): 📷 படம்
📷 படம்
📷 படம்

பிரபு (9:03): பிடிச்சாச்சு. மொத படம் எஃப்எஸ்டேப் ஃபைல். பூட் ஆகுறப்ப எந்தெந்தப் பார்ட்டிஷனை (டிஸ்க்ல பிரிச்சு வச்ச பகுதி) எடுக்கணும்னு அதுலதான் எழுதியிருக்கும். ஒவ்வொண்ணுக்கும் யூயூஐடின்னு நீளமா ஒரு நம்பர். ரெண்டாவது படம், இப்ப நெசமா இருக்குற பார்ட்டிஷன்கள். ரூட், அதாவது சிஸ்டம் இருக்குற பார்ட்டிஷன், அதோட நம்பர் ரெண்டுலயும் ஒண்ணு. ஸ்வாப், அதாவது ராம் நெறஞ்சா ஒதுக்கி வைக்குற டிஸ்க் இடம், அதோட நம்பர் வேற வேற.

மணி அண்ணன்: காப்பி பண்ணா நம்பரும் சேர்ந்து வந்துருமே?

பிரபு: பார்ட்டிஷனைக் குளோன் பண்ணா வரும். ஸ்வாப்ல காப்பி பண்ண ஒண்ணும் இல்லன்னு அதை மட்டும் புதுசா உருவாக்கியிருப்பாங்க, அதுக்குப் புது நம்பர் விழுந்துருக்கும். எஃப்எஸ்டேப்ல பழசே நிக்குது. வீடு காலி பண்ணிட்டுப் போனவருக்காகக் கூரியர்காரன் பழைய வாசல்ல காத்து நிக்கிற மாதிரி.

பெரியப்பா: அது ஆரம்பிக்கிறப்ப உள்ள தாமதம். யூட்யூப் உறையறது?

பிரபு: அதுக்கும் இதே காரணம்தான். மூணாவது படத்துல ஸ்வாப் சைபர்னு இருக்கு பாருங்க. 4 ஜிபி நெறஞ்சா ஒதுக்கி வைக்க இடமே இல்ல. அப்ப சிஸ்டத்தோட மையமான கெர்னல், ஓடிக்கிட்டிருக்குற புரோகிராமோட பக்கங்களையே மெமரில இருந்து தூக்கிட்டு, அடுத்த நொடி அதையே திரும்ப டிஸ்க்ல இருந்து படிக்கும். இதே வேலையாக் கெடக்கும். அதான் மவுஸ் கூட நகரல.

மணி அண்ணன்: எஸ்எஸ்டில ஸ்வாப் வச்சா சீக்கிரம் தேஞ்சுடும்ங்குறாங்களே

பிரபு: வீட்டுல ரெண்டு மணி நேரம் பிரவுசர் பாக்குறதுக்கெல்லாம் அந்தக் கவலையே வேணாம்ணே.

பிரபு: பெரியப்பா, எஃப்எஸ்டேப்பை மொதல்ல ஒரு காப்பி எடுத்து வைங்க, அதுக்கப்புறம் கை வைங்க. ஸ்வாப் வரியில பழைய நம்பரை அழிச்சுட்டு புதுசு. ரூட் வரியைத் தொடவே கூடாது. அதுல தப்பு வந்தா பூட்டே ஆகாது. கையால அடிக்காம காப்பி பேஸ்ட் பண்ணுங்க. சேவ் பண்ணிட்டு, கடைசிப் படத்துல ஃபைண்ட்மவுன்ட் வெரிஃபைன்னு ஒரு கமாண்ட் இருக்கு, அதை ஓட்டுனா எழுதுனது சரியான்னு சொல்லிரும்.
📷 படம்
📷 படம்

பெரியப்பா (9:48): தப்பு ஏதும் இல்லைன்னு வந்துச்சு. ரீஸ்டார்ட் பண்ணேன். சிவப்பு நட்சத்திரம் இல்ல. ஆனா அதுக்கு முன்னாடி கருப்பா அரை நிமிஷம் நிக்குது.

பிரபு: அது இன்னொரு இடம். ஹைபர்னேட்ல (வேலையை டிஸ்க்ல சேமிச்சுட்டு அணையுறது) இருந்து எழுந்திருக்க எந்த ஸ்வாப்பைப் பாக்கணும்னு ரெஸ்யூம்னு ஒரு சின்ன ஃபைல் இருக்கு. அதுலயும் பழைய நம்பர்தான் இருக்கும். மாத்திட்டு, பூட்டோட தொடக்கத்துல ஏறுற இனிட்ராம்எஃப்எஸ்ஸை அப்டேட் பண்ணணும். அது பண்ணலன்னா மாத்துனது பூட்டுக்குப் போய்ச் சேராது.
📷 படம்

மணி அண்ணன்: இது எனக்குத் தெரியாது 👌

அத்தை: எனக்கு எதுவுமே தெரியல

பெரியப்பா (10:20): பூட் நேரம் காட்டுற சிஸ்டம்டி அனலைஸ் ஓட்டச் சொன்னியே. காலையில கெர்னல் 35 செகண்ட், அதுக்கப்புறம் ஓடுற யூசர்ஸ்பேஸ் 1 நிமிஷம் 38 செகண்ட். இப்ப 4 செகண்ட், 11 செகண்ட். பென்ஷன் சைட், யூட்யூப், மெயில் மூணும் திறந்துருக்கேன். நிக்கல.

பிரபு: சூப்பர். ராம் அப்புறம் வாங்குறதா இருந்தாலும் இப்ப உள்ள இருக்குறது எந்த வகை, டிடிஆர்3யா 4ஆன்னு பாத்துட்டு வாங்குங்க. ஒண்ணு இன்னொண்ணோட ஸ்லாட்டுல உக்காராது.

பெரியப்பா: சரிடா. பழைய ஹார்ட் டிஸ்க்கை எக்ஸ்சேஞ்சுக்குக் குடுங்கன்னு கடையில கேக்குறாங்க.

பிரபு: குடுக்காதீங்க. உங்க போட்டோ, பேங்க் பேப்பர் எல்லாம் அதுல அப்படியே இருக்கு. டிஸ்க்கை உள்ள வச்சு வெளியில இருந்து யூஎஸ்பில மாட்டுற ஒரு கேஸ் (பெட்டி) வாங்கி மாட்டுனா பேக்கப்புக்கு ஆகும்.

சித்தி: ஞாயித்துக்கெழம வர்றப்ப அந்தக் கேஸ பிரபுவே வாங்கிட்டு வரட்டும். அப்படியே ரெண்டு முழம் மல்லியும்