உதவி: நாவலின் நடுப்பகுதி தொய்கிறது, முடிவு ஒட்டவில்லை. கதைப்பின்னலை எப்படிச் சரிசெய்வது?

உப்புக்காற்று

வணக்கம். 1964 தனுஷ்கோடியைக் களமாக வைத்து ஒரு நாவல் எழுதுகிறேன். முதல் வரைவு முடிந்துவிட்டது. படித்தவர்கள் எல்லோரும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: தொடக்கம் பிடிக்கிறது, நடுவில் சோர்வு தட்டுகிறது, முடிவு ஏமாற்றுகிறது.

கதை இதுதான். செல்லம், தனுஷ்கோடி ஸ்டேஷனில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனின் மகள். கணவன் தாசன் இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. படகு வாங்குவதற்காகத் தம்பி அவளுடைய நகையைப் பாம்பனில் ஒரு வட்டிக்காரரிடம் அடகு வைத்துவிடுகிறான். பொங்கலுக்கு வருவதாகத் தாசன் கடிதம் எழுதுகிறான். அதற்குள் நகையை மீட்க வேண்டும். நடுவில் தம்பியின் காதல், பக்கத்து வீட்டுக் கல்யாணம், மீன் உலர்த்தும் கருவாட்டு வாடியில் ஒரு தகராறு, செல்லம் பஸ் ஏறி ராமநாதபுரம் போய் அத்தையிடம் கடன் கேட்பது என்று அத்தியாயங்கள் போகின்றன. கடைசியில் டிசம்பர் 22 இரவு புயல். வட்டிக்காரர் இறந்துபோகிறார், கடனும் போகிறது.

புயல் வரப்போவது வாசகருக்கு முதல் பக்கத்திலேயே தெரியும் என்பது எனக்கு இன்னொரு கவலை. எங்கே கை வைப்பது?

நடுப்பக்கம்

முதலில் நடுப்பகுதி. ஒவ்வொரு அத்தியாயத்தையும் தனியே உருவி எடுத்துவிட்டு, அடுத்தது அப்படியே நடக்குமா என்று பாருங்கள். நடக்கும் என்றால் அந்த அத்தியாயம் கதையோடு கோர்க்கப்படவில்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் வித்தியாசம் தெரியாத பகுதி முழுமையின் உறுப்பே அல்ல என்று அரிஸ்டாட்டில் சொன்னது இதைத்தான்.

உங்கள் கல்யாண அத்தியாயத்தை எடுத்துவிட்டால் என்ன மாறும்? சுருக்கத்தைப் படித்தவரை, எதுவும் மாறாது. ஆனால் அதைத் தூக்கி எறிய வேண்டாம். செல்லம் கழுத்தில் நகை இல்லாமல் அந்தக் கல்யாணத்துக்குப் போகிறாள். தாசனின் உறவுக்காரப் பெண் ஒருத்தி எல்லோர் முன்னாலும் கேட்டுவிடுகிறாள். செல்லம் ஏதோ ஒரு பொய் சொல்லியாக வேண்டும். அந்தப் பொய் கடிதமாகத் தாசனுக்குப் போகட்டும். அடுத்த அத்தியாயத்தில் அவன் எழுதும் பதில் அந்தப் பொய்யிலிருந்தே பிறக்கும். விருந்து, மேளம் எல்லாம் நீங்கள் எழுதியபடியே இருக்கலாம். அத்தியாயத்துக்குள் வந்த அதே நிலையில் செல்லம் வெளியே போகக் கூடாது, அவ்வளவுதான்.

மாலைவாசிப்பு

புயல் பற்றி நான் சொல்கிறேன். தற்செயல் ஒரு பாத்திரத்தைச் சிக்கலில் தள்ளினால் வாசகர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வார். அதே தற்செயல் சிக்கலிலிருந்து தூக்கி விட்டால் கோபப்படுவார். சிலப்பதிகாரத்தைப் பாருங்கள். அரசியின் சிலம்பைத் திருடிய அதே பொற்கொல்லனிடமே கோவலன் சிலம்பை விற்கப் போகிறான். எவ்வளவு பெரிய தற்செயல்! யாரும் குறை சொல்வதில்லை, ஏனென்றால் அது அவனை அழிக்கிறது. ஆனால் அவன் கள்வன் இல்லை என்று நிறுவுவது தற்செயல் அல்ல, கண்ணகி. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று அவளுக்குத் தெரியும், அரசியின் சிலம்பில் இருப்பது முத்து. அவளே அவையில் உடைத்துக் காட்டுகிறாள்.

முடிவு தெரிந்துவிடுமே என்ற கவலைக்கும் அங்கேயே பதில் இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் முன்னுரையான பதிகமே கதை முழுவதையும் சொல்லிவிடுகிறது. மதுரை எரியும் என்று தெரிந்துகொண்டே, அவர்கள் ஒவ்வொரு அடியாக மதுரையை நோக்கி நடப்பதைப் படிக்கிறோம், பதறுகிறோம். புயலின் தேதியை மறைக்கப் பார்க்காதீர்கள். செல்லத்துக்குத் தெரியாதது வாசகருக்குத் தெரியும் என்பதே உங்கள் பலம்.

தீவுக்காரன்

நான் ராமேஸ்வரத்துக்காரன். ஒரு திருத்தம். செல்லம் பஸ் ஏறி ராமநாதபுரம் போக முடியாது. பாம்பன் சாலைப் பாலம் திறந்தது 1988இல். 1964இல் தீவிலிருந்து வெளியேற 1914இல் திறந்த ரயில் பாலம், இல்லாவிட்டால் படகு, வேறு வழியில்லை.

இதை வெறும் தகவல் பிழையாகப் பார்க்காதீர்கள். பஸ்ஸை எடுத்துவிட்டால் கதை இறுகும். அவள் எங்கே போனாலும் ரயிலில் போக வேண்டும். ரயிலில் போனால் அப்பாவுக்குத் தெரிந்த கார்டு, டிக்கெட் கொடுப்பவர், போர்ட்டர் எல்லோரும் பார்ப்பார்கள். ரகசியமாகக் கடன் கேட்கவே முடியாது. அப்புறம் யாரைத்தான் கேட்பாள்?

இன்னொன்று. இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது 1964 அக்டோபர் 30. புயலுக்கு ஏழரை வாரம் முன்பு. இலங்கையில் குடியுரிமை இல்லாமல் இருந்த, பெரும்பாலும் மலையகத் தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த இந்திய வம்சாவளித் தமிழர் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதியைப் பிறகு பேசலாம் என்று முடிவானது. யார் எந்தக் கணக்கில் வருவார் என்று தோட்டங்களில் யாருக்கும் தெரியாது. தாசன் அந்த மக்கள் நடுவில் கணக்கப்பிள்ளை. அந்த நவம்பரில் அவன் எழுதும் கடிதத்தில் பொங்கல் மட்டும்தான் இருக்குமா? 'இனி அங்கேயே வந்துவிடலாமா' என்று கேட்க மாட்டானா? அப்படிக் கேட்டால், திரும்பி வந்து பிழைக்க அவன் நம்பியிருப்பதே அந்த நகையைத்தான் என்று ஆகிவிடும்.

உப்புக்காற்று

அண்ணே, பஸ் விஷயத்துக்கு மிகவும் நன்றி. அந்த ஒப்பந்தம் தாசனின் கடிதங்களையே மாற்றிவிடும். ஆனால் வட்டிக்காரரை என்ன செய்வது? அவர் சாகாவிட்டால் கடன் தீராது, செத்தால் தற்செயல்.

மாலைவாசிப்பு

அவர் சாகட்டும். ஆனால் அவரை அந்த ரயிலில் ஏற்றுவது செல்லமாக இருக்கட்டும்.

1964 டிசம்பர் 22 செவ்வாய்க்கிழமை. அன்று நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பாசஞ்சரைத்தான் கடல் கொண்டுபோனது. வட்டிக்காரர் நெருக்கிக்கொண்டே இருக்கிறார். இரண்டு நாள் அவகாசம் கிடைத்தால் போதும் என்று செல்லம், 'புதன்கிழமை காலையில் தபாலாபீஸ் திறந்ததும் மணியார்டர் வந்துவிடும், நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்' என்று ஒரு பொய் சொல்லி அனுப்புகிறாள். காலையில் முதல் ஆளாக நிற்க வேண்டும் என்று அவர் செவ்வாய் இரவே ரயில் ஏறுகிறார். இப்போது புயல் அவளை விடுவிக்கவில்லை. அவள் சொன்ன பொய் ஒரு உயிரை வாங்கிவிட்டது, அது அவளுக்கு மட்டுமே தெரியும். கடன் தீர்ந்தும் தீராத இடத்தில் நிற்பாள்.

உப்புக்காற்று

படிக்கும்போதே உடம்பு சிலிர்த்தது. ஆனால் வாசகர் அவளை வெறுத்துவிட மாட்டாரா?

நடுப்பக்கம்

கல்யாண வீட்டுப் பொய்யைச் சரியாக எழுதினால் வெறுக்க மாட்டார். அது மானத்துக்காகச் சொன்ன சின்னப் பொய். அதைக் காக்கத் தாசனுக்கு இன்னொன்று, கடைசியில் வட்டிக்காரருக்கு ஒன்று. ஒவ்வொன்றும் முந்தையதால் வருகிறது. புதன்கிழமைப் பொய்யைச் சொல்லும் நேரத்தில் அவளுக்கு வேறு வழி இல்லை என்று வாசகரும் நம்பியிருப்பார்.

வட்டிக்காரரையும் கொஞ்சம் மனிதராக்குங்கள். இப்போது அவர் வட்டி கேட்க மட்டுமே வருகிறார். அந்தப் பணம் அவருக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்று ஒரு காரணம் கொடுங்கள். அது செல்லத்தின் காதிலும் புயலுக்கு முன்பே விழுந்திருக்க வேண்டும். பிறகு தெரிய வந்தால் கனம் பாதியாகிவிடும்.

தீவுக்காரன்

புயலைக் கடைசி அத்தியாயத்தில் வைக்காதீர்கள். ஊரே வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்த பிறகு பிழைத்தவர்கள் வேறு இடம் தேடிப் போனார்கள். பாலம் சிதைந்து ரயில் நின்றது, அதைச் செப்பனிட 46 நாள் ஆனது. ஆகவே பொங்கல் பாலம் இல்லாமலேதான் வந்தது. தாசன் வந்தானா, எந்த வழியில் வந்தான், செல்லம் அவனிடம் எதைச் சொன்னாள் என்பதெல்லாம் அந்த நாட்களில் இருக்கிறது. நாவலில் மூன்றில் ஒரு பங்கையாவது அதற்கு விடுங்கள்.

உப்புக்காற்று

எல்லோருக்கும் நன்றி. கல்யாண அத்தியாயத்திலிருந்து மாற்றி எழுதத் தொடங்குகிறேன். வாடித் தகராறை என்ன செய்வது என்று மட்டும் இன்னும் புரியவில்லை.

நடுப்பக்கம்

அந்தத் தகராறில் தம்பியின் படகு சேதமாகட்டும். கடனை அடைக்க இருந்த ஒரே வருமானமும் அங்கே போய்விடும். மாற்றி எழுதியதும் இங்கே போடுங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்.