53 மீட்டர் டெகோ டைவ்: ரெண்டு கம்ப்யூட்டர் இருந்தா ஸ்லேட்ல பிளான் எழுதணுமா?

நீலாங்கரை_டைவர்:

எல்லாருக்கும் வணக்கம். மே மாசம் நானும் ஃப்ரெண்டும் மட்டக்களப்பு போறோம், ஹெர்மிஸ் கப்பலுக்கு இறங்கணும். 1942 ஏப்ரல் 9ல ஜப்பான் விமானங்க குண்டு போட்டு மூழ்கடிச்ச விமானந்தாங்கிக் கப்பல், 53 மீட்டர்ல கிடக்கு, ரெண்டு வருஷமா இதுக்காகத்தான் ஒவ்வொரு கோர்ஸா முடிச்சிட்டு வந்தோம். கீழ 20 நிமிஷம், முதுகுல ட்வின் 12 லிட்டர்ல (12 லிட்டர் சிலிண்டர் ரெண்டு) ட்ரைமிக்ஸ் 21/35 (21 சதவீதம் ஆக்சிஜன், 35 சதவீதம் ஹீலியம், மீதி நைட்ரஜன்), டெகோவுக்கு, அதாவது உடம்புல கரைஞ்ச வாயு வெளியேற மேல வர்ற வழியில அங்கங்க நின்னு வர்றதுக்கு, 21 மீட்டர்ல இருந்து 50 சதவீத நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டின காத்து), 6 மீட்டர்ல ஆக்சிஜன்.

இப்ப சண்டை என்னன்னா, எனக்கு கோர்ஸ் எடுத்த சார் ஸ்லேட்ல (தண்ணிக்குள்ள கொண்டு போற எழுதுபலகை) ரன்டைம், அதாவது இறங்கினதுல இருந்து எத்தனாவது நிமிஷத்துல எந்த ஆழம்னு, எழுதாம தண்ணில இறங்கவே விடமாட்டார். என் ஃப்ரெண்ட் சொல்றான் பேப்பர்ல இருக்குறது நீ கற்பனை பண்ண டைவ், கையில இருக்குறதுதான் நீ நிஜமா பண்ணுற டைவ், ரெண்டு டைவ் கம்ப்யூட்டர் (ஆழம், நேரம் பாத்து எங்க எவ்வளவு நேரம் நிக்கணும்னு காட்டுறது) கையில கட்டிக்கோ ஒண்ணு செத்தா இன்னொண்ணு அவ்வளவுதான்னு. அவன் சொல்றதும் சரியாத்தான் படுது. இதுல இன்னொரு குழப்பம், கம்ப்யூட்டர்ல எவ்வளவு எச்சரிக்கையா மேல வரணும்னு நாமளே வைக்கிற ரெண்டு எண் இருக்கு, ஜிஎஃப்னு பேரு, முதல் எண் குறைஞ்சா முதல் ஸ்டாப் ஆழமா வரும், ரெண்டாவது குறைஞ்சா மேல கூட நேரம் நிக்கணும்; என்னோடது 30/70, அவனோடது 50/80, அதே டைவை ரெண்டுலயும் ஓட்டிப் பாத்தா முதல் ஸ்டாப் ஆழமும் வேற 6 மீட்டர்ல நிக்கிற நேரமும் வேற. தண்ணிக்குள்ள யார் பேச்சைக் கேக்குறது? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

முத்துநகர்_வாசி:

தம்பி, உங்க ஃப்ரெண்ட் சொல்றதுல பாதி சரி. தண்ணிக்குள்ள நான் பாக்குறதும் கம்ப்யூட்டரைத்தான். கப்பல் மேல நீங்க 20 நிமிஷமும் 53லயே இருக்கப் போறதில்ல, கொஞ்ச நேரம் 45ல இருப்பீங்க கொஞ்ச நேரம் மணல்ல இருப்பீங்க, அது அதை நொடிக்கு நொடி பாத்து கணக்கு போடும், பேப்பருக்கு அது தெரியாது.

ஆனா இறங்குறதுக்கு முன்னாடி இந்த டைவ் உங்க கிட்ட இருக்குற காத்துக்கு தாங்குமான்னு கம்ப்யூட்டர் சொல்லாது. கணக்கு போட்டுப் பாருங்க. நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுக்குற ஆளுக்கு 53 மீட்டர்ல 6.3 பார் அழுத்தத்துல 126 லிட்டர் போகும், 20 நிமிஷத்துக்கு 2520. ட்வின் 12ல 200 பார் இருந்தா 4800 லிட்டர், தாராளமா இருக்குற மாதிரி தெரியும். இப்ப கூட வர்றவருக்கு காத்து போச்சுன்னு வைங்க. ரெண்டு பேரும் உங்க சிலிண்டர்லயே மூச்சு விடணும், பதட்டத்துல ஆளுக்கு நிமிஷத்துக்கு 30 லிட்டர், கீழயே ரெண்டு நிமிஷம் சமாளிக்க 756 லிட்டர், அங்கிருந்து 21 மீட்டர் வர்ற நாலு நிமிஷத்துக்கு சராசரி 4.7 பார்ல 1128, ஆக 1884 லிட்டர், கிட்டத்தட்ட 80 பார். முதல் ஸ்டாப் 21க்கும் கீழ வந்தா இன்னும் கூடும். அந்த 80 பார் உங்களோடது இல்ல, கூட வர்றவரோட உசிர் அது. ட்ரான்ஸ்மிட்டர் மாட்டினா கம்ப்யூட்டர் உங்க சிலிண்டர்ல எவ்வளவு இருக்குன்னு காட்டும், அவருக்கும் சேத்து ஒதுக்கி வைக்காது. இந்தக் கணக்கு உக்காந்து எழுதுறப்பதான் வரும்.

எனக்கு நடந்த ஒண்ணு சொல்றேன். நாலு வருஷம் முன்னாடி அந்தமான் பக்கம் 50 மீட்டர் டைவ், படகுல வச்சே ஆக்சிஜன் சிலிண்டரோட ரெகுலேட்டர் சீறிக்கிட்டே இருந்துச்சு, சரி வேணாம்னு அதை விட்டுட்டு நேரத்தை 15 நிமிஷமா குறைச்சுக்கிட்டு இறங்கிட்டோம். கீழ இருந்து கிளம்புறப்ப கம்ப்யூட்டர் மேல வர 19 நிமிஷம்னு காட்டுது. ஸ்லேட்ல ஆக்சிஜன் இல்லாத வரிசையில 27ன்னு என் கையெழுத்துலயே இருக்கு. அப்புறம்தான் உறைச்சது, கம்ப்யூட்டர்ல ஆக்சிஜனை ஆஃப் பண்ணவே இல்ல. ஆன்ல இருக்குற எல்லா கேஸுக்கும் நீ மாறுவேன்னு நம்பித்தான் அது அந்த நேரத்தை காட்டும். ரெண்டாவது கம்ப்யூட்டர் இருந்திருந்தாலும் அதையும் நானேதான் செட் பண்ணியிருப்பேன், அதுவும் அதே 19தான் காட்டியிருக்கும்.

பம்பாய்_ஹை:

நான் ஆஃப்ஷோர் டைவர், 14 வருஷமா மும்பை ஹை எண்ணெய் வயல் பக்கம். இந்த சர்ஃபேஸ் சப்ளை (மேல இருந்து குழாய் வழியா காத்து வர்ற) வேலையில எங்க யார் கையிலயும் கம்ப்யூட்டர் கிடையாது. மேல சூப்பர்வைசர் நியூமோ ஹோஸ்னு ஒரு குழாய் வச்சு எங்க ஆழம் பாப்பார், ஸ்டாப்வாட்ச் அவர் கையில, ஆழம் டெகோ டேபிள்ல ரெண்டு வரிக்கு நடுவுல வந்தா அடுத்த ஆழமான வரி, நேரமும் அப்படித்தான். நமக்கு வேலை, அவருக்கு டெகோ. அதோட டெக்லயே சேம்பர் (டைவரை உள்ள வச்சு திரும்ப அழுத்தம் ஏத்துற அறை) இருக்கு. அதனால பேப்பர் எங்களுக்கு சரியா வருது.

உங்களுக்கு மேல அந்த ஆள் இல்ல, சேம்பரும் இல்ல. 53 மீட்டர்ல நரம்பு மந்தமா இருக்குறப்ப ஸ்லேட்ல வரி மாறிப் படிச்சா திருத்த யாரும் இல்ல. அதனால வெறும் பேப்பர் தான் பெருசுன்னு பேசுறவங்க பேச்சை நான் ஏத்துக்க மாட்டேன். அந்த பேப்பரும் எங்கிருந்து வருது? 1908ல ஹால்டேன்ற விஞ்ஞானி ஆடுகளை வச்சு சோதனை பண்ணி ஆரம்பிச்ச அதே வழிதான், பின்னாடி ப்யூல்மன் உடம்பை 16 பங்கா பிரிச்சு கணக்கு போட்டார், உங்க சாஃப்ட்வேரும் அதைத்தான் ஓட்டுது கம்ப்யூட்டரும் அதைத்தான் ஓட்டுது. ஒரே கணக்கு. உங்க ரத்தத்துல எத்தனை குமிழி இருக்குன்னு ரெண்டுக்குமே தெரியாது.

ஜிஎஃப் விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு பேரும் படகு ஏறுறதுக்கு முன்னாடியே ஒரே எண் வச்சுக்கோங்க. ஒருத்தர் 27ல நின்னா இன்னொருத்தர் 18 வரைக்கும் போய்ட்டா அது கூட்டு டைவே இல்ல. 2011ல வந்த அமெரிக்க கடற்படை ஆய்வுல ஆழத்துல அதிகம் நின்னவங்களுக்குத்தான் டிசிஎஸ் (மேல வர்றப்ப உடம்புல குமிழி உண்டாகி வர்ற நோய்) கூட வந்துச்சு, அதுக்கப்புறம் முதல் எண்ணை 30ல இருந்து 50 பக்கம் ஏத்தினவங்க நிறைய பேர். ரெண்டாவது எண் 70ஆ 80ஆன்றதுல எச்சரிக்கையா இருக்குறவர் பக்கம் போங்க, 6 மீட்டர்ல கூட நாலஞ்சு நிமிஷம் நிக்கிறதால யாரும் கெட்டுப்போகல.

கல்லடி_மச்சான்:

நான் மட்டக்களப்புதான், கல்லடி. ஹெர்மிஸ் பாக்க வாற ஆக்களோட படகுல போறனான். முதல்ல ஒரு விசயம், அது 307 பேர் செத்த இடம், ஒரு சாமானும் எடுக்கக்கூடாது.

மறுகா நீரோட்டம். மேல கடல் தட்டு மாதிரி கிடக்கும், கீழ கயித்த விட்டா ஆள இழுத்துக்கொண்டு போயிரும். போன வருசம் ரெண்டு பேர் திரும்பி கயித்துக்கு வர அஞ்சு நிமிசம் பிந்திட்டுது. அவங்கட ஸ்லேட்டுல மூணு வரிசை எழுதிக் கிடந்தது, பிளான் பண்ணின மாதிரி ஒண்டு, அஞ்சு நிமிசம் கூட மூணு மீட்டர் ஆழம் கூட எண்டு ஒண்டு, 50 சதவீதம் இல்லாட்டி எண்டு ஒண்டு. ரெண்டாவது வரிசையப் பாத்துக்கொண்டு ஆறுதலா வந்தாங்க. படகுல எங்களுக்கும் அதே தாள்ல ஒரு பிரதி தந்திருந்தவங்க, அதால எத்தினை மணிக்கு மிதவை வரும் எண்டு எங்களுக்கும் தெரியும், பிந்தினா எந்தப் பக்கம் தேடுறது எண்டும் தெரியும். உங்கட கம்ப்யூட்டர் தண்ணிக்குள்ள கிடக்கு, அதில என்ன காட்டுது எண்டு படகோட்டிக்கு எப்பிடித் தெரியும்?

என்ட மாமா கடலட்டைக்கு இறங்கினவர். ஒரு நாளைக்கு நாலு சிலிண்டர், சில நாள் அஞ்சு, 30 மீட்டருக்கு மேல. கம்ப்யூட்டரும் இல்ல, தாளும் இல்ல, காத்து முடிஞ்சா மேல வாறது. ஒரு நாள் வந்து சோறு திண்டுட்டுப் படுத்தவர், ராவு ஒண்டுக்குப் போக எழும்பினா ஒண்டும் வருகுதில்ல, விடியக்காலையில கால் ரெண்டும் தூக்க ஏலாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாம கூட்டாளிமார் திருப்பி கடலுக்குள்ள இறக்கினாங்க, அப்பிடித்தான் அவங்களுக்குள்ள வழக்கம். இப்ப தடி ஊண்டித்தான் நடக்கிறார். வயசு 46. அதால இஞ்ச வர முதல் எந்த சேம்பர் இப்ப ஓடுது எண்டு போன் எடுத்துக் கேட்டுப்போட்டு வாங்க, படகுல ஆக்சிஜன் போத்தல் நிறைஞ்சு கிடக்கா எண்டு கண்ணால பாருங்க.

நீலாங்கரை_டைவர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கல்லடி அண்ணே, மாமா விஷயம் படிச்சு மனசு கஷ்டமாயிடுச்சு. நேத்து ராத்திரி ஃப்ரெண்டும் நானும் உக்காந்து மூணு வரிசையும் ஓட்டினோம். 50 சதவீதம் தொலைஞ்சு போய் முதுகு கேஸ்லயே 6 மீட்டர் வரைக்கும் வரணும்னா மேல வர்ற நேரம் எவ்வளவு ஏறுதுன்னு அப்பதான் முதல் தடவையா பாத்தோம், எங்க ரெண்டு பேரோட காத்தும் அதுக்கு பத்தல. கீழ 20 நிமிஷத்தை 15 ஆக்கிட்டோம். அவனே சொல்லிட்டான் எழுதிக்கலாம்னு. ஜிஎஃப் ரெண்டுலயும் 50/70 வச்சாச்சு. கம்ப்யூட்டர் ஆளுக்கு ரெண்டு, ஸ்லேட் ஆளுக்கு ஒண்ணு, படகுக்கு ஒரு காப்பி.

ஒரே சந்தேகம், ஸ்டாப்ல நிக்கிற நிமிஷத்தை எழுதணுமா இல்ல கிளம்புற ரன்டைமை எழுதணுமா?

முத்துநகர்_வாசி:

கிளம்புற ரன்டைம். ஸ்டாப் நிமிஷம் எழுதினா ஒவ்வொரு தடவையும் மனசுல கூட்டணும், கீழ அது நடக்காது. ஆழம், கிளம்புற நிமிஷம், எந்த கேஸ், இந்த மூணு மட்டும் போதும். கேஸ் மாறுற வரிக்கு அடியில கோடு போடுங்க. மாறுறதுக்கு முன்னாடி கூட வர்றவர் உங்க சிலிண்டர்ல ஒட்டியிருக்குற ஆழத்தை படிச்சு தலையாட்டுற வரைக்கும் வாயில வைக்காதீங்க. அப்புறம் பென்சில்ல பெருசா எழுதுங்க, எனக்கு வெள்ளெழுத்து வந்ததுக்கு அப்புறம் 6க்கும் 8க்கும் வித்தியாசம் தெரியாம ஒரு தடவை நல்லா தவிச்சிருக்கேன், இப்பல்லாம் விரல் நீளத்துக்கு எழுதுறேன்.