குவில்ட் போர்வைக்குத் துணி வேண்டும், ஆட்களும் வேண்டும்

சபையாருக்கு ஸ்தோத்திரம். லூத்தரன் வேர்ல்ட் ரிலீஃப் என்ற நிவாரண அமைப்புக்கு அனுப்பும் குவில்ட் போர்வைகளுக்கு, அதாவது துண்டுத் துணிகளை இணைத்து மூன்று அடுக்காகச் செய்யும் போர்வைகளுக்கு, உதவி தேவை.

அளவு 60க்கு 80 அங்குலம். 11 அங்குலச் சதுரம் 48 வெட்டி, அகலத்தில் 6, நீளத்தில் 8 என்று ஒவ்வொரு ஓரத்திலும் அரை அங்குலம் தையலுக்கு விட்டு இணைத்தால் சரியாக வரும். பலர் 10 அங்குலமாக வெட்டிவிடுகிறார்கள். தையல் போக மிஞ்சுவது 54க்கு 72தான்.

பருத்தி, பாலி-காட்டன் நல்லது. டி-ஷர்ட் துணி வேண்டவே வேண்டாம், இழுத்துக்கொண்டு ஓரம் கோணலாகிவிடும். சிலுவை, கொடி, ராணுவப் படம் போட்ட துணியும் கூடாது. போர்வை எந்த நாட்டில், யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாதே.

அடியில் போட பெட்ஷீட், நடுவில் வைக்க மெல்லிய பழைய கம்பளி யாரிடம் இருக்கிறது? துவைத்துக் கொடுங்கள்.

தைக்கத் தெரியாதவர்களும் வரலாம். மூன்று அடுக்கும் சேர, 6 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. ஒரு போர்வைக்கு நூறு முடிச்சாவது வரும். குரோஷே பருத்தி நூல், இரட்டை இழை. முடிச்சுப் போடும்போது முதலில் வலது நுனி மேலே, அடுத்து இடது நுனி மேலே. இரண்டு முறையும் ஒரே பக்கமாகப் போட்டால் ஒரு துவைப்பிலேயே நழுவிவிடும்.

யார் யார் வருகிறீர்கள்?