ராக் இசைக்கு எந்த டிஜிட்டல் ஆர்கன்? நெல்லைப் பக்கத்து அனுபவங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து:

மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு கருவிகளை வாங்கி, முதலாவதைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டவன் நான். அந்த நட்டம் எப்படி வந்தது என்று விவரமாக எழுதினால் அடுத்து வாங்கப்போகும் ஒருவருக்காவது பணம் மிஞ்சும் என்பதால், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

நாங்கள் ஐந்து பேரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் முருகன்குறிச்சியில் நண்பர் ஒருவரின் வீட்டு மாடியில் கூடி, 1970களின் ஆங்கில ராக் இசையை வாசிப்போம். அவ்வப்போது கல்லூரி விழாக்களில் மேடையேறுவதும் உண்டு. டீப் பர்ப்பிள் போன்ற குழுக்களின் இசையில் ஆர்கன் என்பது பாடகருக்குப் பின்னால் அடக்கமாக ஒலித்துக்கொண்டிருக்கும் கருவியன்று. கிட்டாரோடு சரிக்குச் சரி மல்லுக்கு நிற்கும் கருவி. அக்குழுவின் ஜான் லார்டு தம் ஹேமண்ட் ஆர்கனை, கிட்டார்காரர்களுக்கென்று இருந்த மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் இணைத்து வாசித்தார் என்பதை அறிந்தவர்களுக்கு, நான் தேடிய ஒலி எதுவென்று புரியும்.

1935இல் அமெரிக்காவில் அறிமுகமான ஹேமண்ட் ஆர்கன், குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத ஆலயங்களுக்கு மலிவான மாற்றாக விற்கப்பட்டது. எங்கள் ஊர் ஊசிக் கோபுரத்து ஆலயத்தின் ஞாயிறு ஆராதனையைக் கேட்டு வளர்ந்த எனக்கு, ஆலயத்துக்காகச் செய்த கருவி ராக் மேடைக்குப் போய்ச் சேர்ந்த அந்தக் கதையில் ஒரு தனிச் சுவை உண்டு. புகழ்பெற்ற பி-3 மாதிரியில், ஒரு மோட்டார் சுழற்றும் 91 சிறு சக்கரங்கள் காந்தச் சுருள்களுக்கு முன்னால் ஓடி மின்னலைகளை உண்டாக்குகின்றன; வாசிப்பவர் 9 டிராபார்களை இழுத்தும் தள்ளியும் அவற்றைத் தமக்கு வேண்டிய அளவில் கலந்துகொள்கிறார். இருக்கையும் கால்கட்டைகளும் சேர்ந்து ஏறத்தாழ 190 கிலோ எடை. எங்கள் நண்பர் வீட்டு மாடிப்படியின் அகலம் இரண்டரை அடி என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

அசலை நான் ஒரு முறைகூடத் தொட்டதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே எந்த டிஜிட்டல் நகலைக் கேட்டாலும் அதை நான் ஒப்பிடுவது இசைத்தட்டில் பதிந்திருக்கும் ஒலியோடுதான். அந்த ஒலியில் ஆர்கன் ஒரு பங்குதான். டானால்ட் லெஸ்லி உருவாக்கிய சுழல் ஒலிபெருக்கியும், வால்வு ஆம்ப்ளிஃபயர் திணறும்போது எழும் கரகரப்பும் மற்றப் பங்குகள். இது எனக்குத் தாமதமாகவே விளங்கிற்று. முதல் முறை வாங்கும்போது ஆர்கனை மட்டும் கேட்டேன். மற்ற இரண்டையும் கேட்கவில்லை.

முதலில் வாங்கியது நூற்றுக்கணக்கான ஒலிகள் நிறைந்த ஒரு பொதுவான கீபோர்டு. கடையில் ஹெட்போன் வழியாக அதன் ராக் ஆர்கனைக் கேட்டபோது உடல் சிலிர்த்தது உண்மை. வண்ணார்பேட்டையில் நடந்த ஒரு விழா மேடையில், இரண்டு கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவே அதே ஒலி இருந்த இடம் தெரியாமல் கரைந்துபோயிற்று. வீட்டுக்கு வந்து பொறுமையாக ஆராய்ந்தபோது காரணம் தெரிந்தது. சுழல் ஒலிபெருக்கியில் ஓடிய ஆர்கனைப் பதிவுசெய்து, அந்தப் பதிவையே ஒவ்வொரு கட்டைக்கும் வைத்திருந்தார்கள். மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் மூன்று ஒலிபெருக்கிகள் மூன்று விதமாகச் சுழல்வது போலக் கேட்டது. மெதுவான சுழற்சியிலிருந்து வேகமான சுழற்சிக்கு மாற்றினால், வேகம் படிப்படியாக ஏறாமல், ஒலி வெட்டுப்பட்டு வேறொன்றாக மாறிற்று. டிராபாரை மாற்ற வேண்டுமென்றால் திரையில் நான்கு முறை பொத்தான் அழுத்த வேண்டும். அதற்குள் பாடலே முடிந்துவிடும்.

இரண்டாம் முறை, இணையத்தில் அலசி ஒரு பட்டியல் போட்டேன். ஹேமண்ட் என்ற பெயரிலேயே இப்போது வரும் எக்ஸ்கே, எஸ்கே வரிசைகள், சுவீடனின் நார்டு எலக்ட்ரோ, இத்தாலியின் க்ரூமார் மோஜோ, பழைய கோர்க் சிஎக்ஸ்-3, ரோலண்ட் விஆர்-09, யமஹா ஒய்சி61 ஆகியவை அதில் இருந்தன. ஹேமண்ட் பெயர் இப்போது ஜப்பானின் சுசூகி இசைக்கருவி நிறுவனத்திடம் இருக்கிறது. அதற்கும் நம் தெருவில் ஓடும் சுசூகி வண்டிக்கும் தொடர்பில்லை, எங்கள் டிரம்ஸ்காரர் இதை இன்றுவரை நம்பவில்லை. பட்டியலில் பாதிக்கு மேல் கையால் தொட்டுப் பார்க்கவே வழியில்லை. பார்க்கக் கிடைத்தவற்றைப் பார்ப்பதற்காக நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போனேன். ஹெட்போன் வேண்டாம், பெரிய பாக்ஸில் போட்டுக் காட்டுங்கள் என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் முகம் சுளித்தாலும் போட்டுக்காட்டினார்.

முதல் சோதனையாக ஒரே ஒரு கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்களைப் பிடித்துக்கொண்டு சுழற்சி வேகத்தை மாற்றினேன். அசல் லெஸ்லிப் பெட்டியில் மேலே ஒரு கொம்பும், கீழே 15 அங்குல ஒலிபெருக்கியின் முன்னால் ஓர் உருளையும் தனித்தனியே சுழல்கின்றன. மெதுவாகச் சுற்றும்போது நிமிடத்திற்கு 50 சுற்றுக்குள், வேகமாகச் சுற்றும்போது ஏறத்தாழ 400 சுற்று. எடை குறைந்த கொம்பு சட்டென வேகம் பிடிக்கும், கனத்த உருளை மெல்லத்தான் எழும். இந்த முன்பின் வேறுபாட்டில்தான் ராக் ஆர்கனின் உயிர் இருக்கிறது என்பது என் கருத்து. நல்ல நகலில் அந்த ஏற்றம் காதால் தொடர்ந்து போகக்கூடியதாக இருக்கும்.

அடுத்து, கரகரப்பு. அதை உண்டாக்கும் ஓவர்டிரைவைப் பாதியளவு வைத்துவிட்டு, கால் பெடலால் ஒலியைக் கூட்டிக் குறைத்தேன். பெடல் மேலே இருக்கும்போது ஒலி தெளிவாகவும், அழுத்த அழுத்தக் கரகரப்பாகவும் மாற வேண்டும். எந்த நிலையிலும் ஒரே அளவு கரகரத்தால், அது சிமென்ட் தரையில் நாற்காலியை இழுப்பது போன்ற ஒலியாகவே முடியும்.

மூன்றாவதாக, உள்ளங்கையைக் கட்டைகளின் மேல் வைத்து மேலிருந்து கீழாக இழுத்தேன். ஆர்கன் கட்டைகளின் முன்விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிராமல் அருவி விழுவது போல மழுங்கி இருப்பது இதற்காகத்தான்; பியானோ வகைக் கட்டைகளில் இழுத்தால் தோல் உரியும். ஒரு கடையில் எனக்கு உரிந்தது.

கடைசியில் யமஹா ஒய்சி61ஐ வாங்கினேன். 2020இல் வந்த கருவி, கையால் இழுக்கும் 9 டிராபார்கள், 7 கிலோவை ஒட்டிய எடை. அதைவிட அசலுக்கு நெருக்கமான ஒலி வேறு கருவிகளில் உண்டு என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். பழுதுபார்க்க இத்தாலிக்கோ சுவீடனுக்கோ எழுதிக்கொண்டிருக்க முடியாது என்பதும் என் தேர்வில் சேர்ந்த கணக்கு. ஆனாலும் மேடையில் இன்னும் முழுத் திருப்தி வரவில்லை. வீட்டில் கிடைக்கும் சுழற்சி அங்கே பாதிதான் கேட்கிறது.


சாயர்புரத்திலிருந்து:

தம்பி, நான் ராக் இசை கேட்பவள் அல்ல. முப்பது ஆண்டுகள் பள்ளியில் ஆசிரியையாகவும், ஞாயிறுதோறும் எங்கள் சபையில் கால்மிதி ஆர்கன் வாசிப்பவளாகவும் இருந்தவள். என் பேரன் இதே போன்ற டிஜிட்டல் ஆர்கன் ஒன்றை வாங்கி வந்து, பியானோ வகுப்பில் கற்றபடி வாசித்துவிட்டு, ஒலி துண்டு துண்டாக வருகிறது, கருவியில் குறை என்று சொன்னான். குறை கருவியில் இல்லை. பியானோவில் பெடலை மிதித்துக்கொண்டால் விரலை எடுத்தாலும் ஒலி நிற்கும். ஆர்கனில் விரல் எழுந்த நொடியே ஒலி அறுந்துவிடும். ஒரு கட்டையை விடாமலேயே அதில் விரல் மாற்றி, அடுத்த கட்டைக்கு நகரும் பழக்கம் வேண்டும். பாமாலைப் பாட்டு ஒன்றை நான்கு குரலிலும் இடைவெளியின்றி வாசிக்கப் பழகினால் அது தானே வரும்.

விரலை எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் ஆர்கனில் ஒலி கூடாது என்பதையும் அவனுக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது. எங்கள் பழைய ஆர்கனில் முழங்காலால் தள்ளும் பலகை ஒன்று ஒலியைக் கூட்டும். உங்கள் கருவியில் அது கால் பெடல். பேரன் விலை குறைவென்று வேறொரு நிறுவனத்தின் பெடலை வாங்கி மாட்டினான். அழுத்தினால் ஒலி அடங்கிற்று, விட்டால் அலறிற்று. பெடலுக்குள் இருக்கும் கம்பி இணைப்பு முறை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகிறது என்று பிறகுதான் தெரிந்தது. ஆகவே கருவியோடு சேர்த்தே பெடலையும் மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.


அம்பாசமுத்திரத்திலிருந்து:

அண்ணாச்சி, மேடையில் சுழற்சி பாதிதான் கேட்கிறது என்ற உங்கள் கடைசி வரிக்கு மறுமொழி சொல்ல எனக்குத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன். இருபது ஆண்டுகளாகக் கோயில் கொடை விழாக்களுக்கும் திருமண வரவேற்புகளுக்கும் ஒலியமைப்புச் செய்கிறேன். உங்கள் கருவி சுழற்சியை இடம், வலம் என்று இரண்டு வழிகளாகப் பிரித்து அனுப்புகிறது. நம் பக்கத்து மேடைகளில் அநேகமாக எல்லாமே மோனோ, அதாவது ஒரே வழி. மேடையில் நிற்கும் பையன் இரண்டு கேபிள்களையும் செருகிவிட்டு, மிக்சரில் இடம் கிடைக்காமல் ஒன்றை மட்டும் திறந்துவைத்திருப்பான். அப்போது சுழற்சியில் பாதியே வெளியே வரும். இரண்டையும் திறந்து ஒன்றாகக் கலந்தாலும், ஓர் அலை மற்றொன்றைத் தின்றுவிட்டு ஒலி மெலிந்துபோவது உண்டு. இடப்பக்கத் துளையில் மட்டும் கேபிளைச் செருகுங்கள். வலப்பக்கத்தைக் காலியாக விடுங்கள். பெரும்பாலான கருவிகள் அப்போது தாமே மோனோவுக்கு மாறிக்கொள்ளும். வாங்கும் முன்பே கடையில் மோனோவில் கேட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது.

மற்றொன்றையும் கவனித்திருக்கிறேன். ஆர்கன்காரர்கள் பலர் இடக்கையால் கீழ்க்கட்டைகளில் முழுக் கார்டு பிடிக்கிறார்கள். பேஸ் கிட்டார் இருக்கும் குழுவில் அது வெறும் இரைச்சலாகத்தான் மக்களிடம் போய்ச் சேரும். கரகரப்பு போட்ட பிறகு மூன்று சுரங்கள் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று மோதிக் குழம்பும். ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும் பிடித்தால் கிட்டாரைப் போலத் திண்ணென்று நிற்கும். டிராபாரிலும் முதல் மூன்றையோ நான்கையோ முழுதாக இழுத்து, அதாவது டிராபாருக்கு ஓர் எண்ணாக, முழு இழுப்புக்கு 8 என்று கொண்டு, 888000000 அல்லது 888800000 என்று வைத்து, மேல் சுரங்களுக்குரியவற்றை அளவோடு சேர்ப்பதே நல்லது. ஒன்பதையும் முழுதாக இழுக்கும் ஆசையைப் பாடலின் உச்சத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

அசல் ஹேமண்ட் இல்லையே என்று ஏங்குபவர்களுக்கு ஓர் ஆறுதல். அதன் மோட்டார் மின்சாரத்தின் அலைவெண்ணைப் பிடித்துக்கொண்டு சுழல்வது. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த கருவியை மாற்றம் எதுவும் செய்யாமல் நம் 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால், சுருதி ஏறத்தாழ மூன்று அரைச்சுரம் கீழே இறங்கிவிடும். கொடைக்கு ஜெனரேட்டர் வைத்து ஓட்டும் இரவில், சீரியல் விளக்குகள் ஏறி இறங்கும்போது ஜெனரேட்டரின் வேகத்தோடு சேர்ந்து ஆர்கனின் சுருதியும் ஆடும். டிஜிட்டல் கருவிக்கு இந்தக் கவலை கிடையாது.


தூத்துக்குடியிலிருந்து:

என் அனுபவம் சிறியது. மடிக்கணினியில் விபி3 என்ற ஆர்கன் மென்பொருளை நிறுவி, கையிலிருந்த, கணினியோடு இணைக்கும் சாதாரண மிடி கீபோர்டோடு வாசிக்கிறேன். ஒலி அருமை, செலவும் மிகக் குறைவு. ஆனால் அசல் ஹேமண்டில் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே உள்ள 9 தொடுமுனைகள் விரல் சற்றே இறங்கியவுடன் ஒவ்வொன்றாகத் தொட்டுவிடும். அதனால் வேகமான வாசிப்பு எளிது, 'டிக்' என்ற அந்த ஒலியும் அங்கிருந்து வருவதுதான். தயாரித்தவர்கள் குறை என்று கருதிய அந்த 'டிக்'கை இன்று ஒவ்வொரு நகலும் விலைக்கு விற்கிறது. என் கீபோர்டிலோ கட்டை அடிவரை போன பிறகே ஒலி வருகிறது. வேகமாக ஒரே சுரத்தைத் தட்டினால் பாதி விழுந்துபோகிறது. சுழற்சி மட்டும் போதாதவர்கள் சுழல் ஒலிபெருக்கியை நகல்செய்யும் நியோ வென்டிலேட்டர் என்ற காலடிப் பெட்டியைத் தனியே சேர்க்கலாம் என்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் என் மனைவி யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்தார்.


பாளையங்கோட்டையிலிருந்து, மீண்டும்:

அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி சொன்னபடி சென்ற ஞாயிறு வலப்பக்கக் கேபிளைக் கழற்றிவிட்டு வாசித்தேன். சுழற்சியின் அகலம் குறைந்தது. ஆனால் வேகம் ஏறுவது மாடியின் மறுமூலையில் நின்றவருக்கும் கேட்டது. இடக்கையில் இரண்டு சுரம் மட்டும் பிடித்ததில் பேஸ்காரருக்கு என்மேல் இருந்த நெடுநாள் மனத்தாங்கல் தீர்ந்தது. சாயர்புரத்து அம்மா சொன்ன விரல் மாற்றும் பழக்கம் எளிதில் வருவதாக இல்லை. பாமாலையை எடுத்து வைத்துக்கொண்டு தினமும் அரைமணி நேரம் உட்கார்கிறேன். பெடல் பற்றிய எச்சரிக்கை எனக்குச் சற்றுத் தாமதமாக வந்தது: என்னுடையதும் தலைகீழாகவே வேலை செய்கிறது, மாற்றித் தருவதாகக் கடையில் சொல்லியிருக்கிறார்கள்.