கூட்டில் நிற்கும் பாஸ் மீனை மே மாதத்தில் பிடிக்கலாமா?

நீர்க்காகம் (டெட்ராய்ட் பக்கம்)

போன வாரம் நான் போட்ட செயின்ட் கிளேர் ஏரிப் படங்களுக்குக் கீழே ஒருவர், "முட்டையைக் காக்கிற மீனைப் பிடித்துவிட்டுப் படம் வேறு போடுகிறீர்களா?" என்று கேட்டிருந்தார். அங்கே பேச்சு ராடு விலை, போட் வாடகை என்று திசை மாறிவிட்டதால் இதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

மிச்சிகனில் 2015 முதல் பாஸ் என்ற நன்னீர் மீனை ஆண்டு முழுக்கப் பிடித்து உடனே விடலாம். வீட்டுக்கு எடுத்துப் போவதற்குத்தான் செயின்ட் கிளேரிலும் டெட்ராய்ட் ஆற்றிலும் ஜூன் மூன்றாவது சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டும். நான் எப்போதும் எடுத்துப் போவதில்லை. ஏப்ரல் கடைசியில் தண்ணீர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் ஸ்மால்மவுத் (பாஸில் ஒரு வகை) ஆழத்தை விட்டு நகர ஆரம்பிக்கும், மே நடுவில் 60ஐத் தொட்டால் சரளைக்கல் உள்ள மேட்டில் கூடு போடும். ஏரியே சராசரியாக 11 அடி ஆழம்தான், அதிலும் தண்ணீரை வடிகட்டும் ஜீப்ரா சிப்பி 1988இல் வந்த பிறகு தண்ணீர் தெளிந்துவிட்டதால் காற்றில்லாத காலையில் போட்டிலிருந்தே அடிக்கல் தெரியும். பெரிய மீன் கரைப் பக்கம் வருவது இந்த நாலைந்து வாரம்தான். முள்ளில் பார்ப் (எதிர்க்கொக்கி) இல்லை, மீனைத் தண்ணீருக்குள் வைத்தே கழற்றி விடுகிறேன். சட்டமும் அனுமதிக்கிறது. இதில் தப்பு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

கரையோரம் (ரொறொன்ரோ)

கேட்டது நான்தான் அண்ணை. பதிலையும் நானே சொல்லுறன்.

ஜூன் தொடக்கத்தில் ஒன்ராறியோவின் கவார்த்தாப் பக்க ஏரி ஒன்றில் டொக் ஓரம் நின்று கீழே பாருங்கோ. வாலால் அடித்து அடித்துச் சேற்றை அகற்றி, கல் மட்டும் வெளிறித் தெரிகிற வட்டம் ஒன்று இருக்கும். நடுவில் ஆண் மீன். பெண் முட்டையை இட்டுவிட்டுப் போய்விடும், அதுக்குப் பிறகு காவல் முழுக்க ஆண்தான். செட்டையை அசைத்து முட்டைக்கு மேலே தண்ணீரை ஓட விட்டபடி நிற்கும். வட்டத்துக்கு வெளியே, முட்டை தின்ன வரும் புளூகில் என்ற சின்ன மீன்களின் கூட்டம் காத்திருக்கும். ஒன்று உள்ளே வர ஆண் துரத்தும், திரும்பி வரும், அதற்குள் மற்றப் பக்கத்தால் இன்னொன்று வரும். ஒழுங்காக இரை தேடவும் போகாது. முட்டை பொரிக்கச் சில நாள், பிறகு குஞ்சுகள் கறுப்புப் புகை மாதிரித் திரள, அவை கலையும்வரை இன்னும் சில கிழமை இதே வேலை. உங்களுடைய டியூபை (ரப்பர் போலி இரையை) அது கவ்வுவது பசியில் இல்லை, கூட்டுக்குள் விழுந்ததை வெளியே எடுத்துப் போடத்தான். கூட்டை விட்டு ஓடத் தெரியாத ஒன்றைத்தான் நீங்கள் பிடிக்கிறீர்கள்.

உங்களுடைய ஏரியில் புளூகில் போதாதென்று, வெளியிலிருந்து வந்த ரவுண்ட் கோபி என்ற மீனும் இருக்குது. 1990இல் வட அமெரிக்காவில் முதலில் கண்டதே செயின்ட் கிளேர் ஆற்றில்தான். ஈரி ஏரியில் ஆராய்ச்சியாளர்கள் தூண்டிலில் பிடிப்பது போலவே காவல் ஆணைக் கூட்டிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். ஆண் திரும்பி வர முன்னமே கோபிகள் புகுந்து முட்டையையும் குஞ்சையும் தின்னத் தொடங்கிவிட்டன. நீங்கள் மீனை எவ்வளவு மெதுவாக விட்டாலும் அந்தச் சில நிமிடத்தில் கூடு போய்விடும்.

தெற்கத்தி (டல்லாஸ்)

டெக்சாஸிலிருந்து ஒரு குரல். இங்கே பாஸுக்கு மூடிய காலம் (பிடிக்கத் தடை உள்ள மாதங்கள்) என்ற ஒன்றே கிடையாது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை லார்ஜ்மவுத் (பாஸின் இன்னொரு வகை) கூட்டில் நிற்கும்போதுதான் மாநிலம் முழுக்க ஆட்கள் ஏரிக்கு வருகிறார்கள். லேக் ஃபோர்க்கில் வார நாளிலேயே போட் இறக்க வரிசை நிற்கும். ஃப்ளோரிடா, அலபாமாவும் அப்படித்தான். நீங்கள் சொல்கிற மாதிரி கூட்டில் பிடிப்பதால் இனமே அழியும் என்றால் எங்கள் ஏரிகள் எப்போதோ காலியாகியிருக்க வேண்டும். மாறாக, உலகத்திலிருந்து ஆட்கள் இங்கே வருகிறார்கள். நம்மைக் காப்பாற்றியது எதைக் கொண்டு போகலாம் என்ற அளவு விதி. ஃபோர்க்கில் 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட மீனைத் தொடக்கூடாது, விட்டே ஆக வேண்டும்.

கரையோரம்

இனம் அழியும் என்று நான் எங்கே சொன்னேன் அண்ணை? அழியும் அழியாது என்பது வேறு கதை.

டெக்சாஸைக் கொண்டு வந்து எங்களுடைய ஏரியோடு வைக்க ஏலாது. உங்களுக்கு மார்ச்சில் பொரித்த குஞ்சுக்கு நவம்பர் வரை வளர நேரம் இருக்குது. இங்கே ஜூனில் பொரித்த குஞ்சு அக்டோபருக்குள் ஐந்தாறு சென்ரிமீற்றராவது வளர வேணும், இல்லாவிட்டால் முதல் பனிக்காலத்திலேயே கொழுப்புக் கரைந்து செத்துப்போகும். கூடு அழிந்து, ஆண் மறுபடி கூடு போட்டாலும் அது பிந்திய குஞ்சுதான், பிந்திய குஞ்சு சின்னக் குஞ்சுதான். வடக்கே முதல் கூடுதான் கணக்கு. இன்னொன்று, டெக்சாஸ் அரசு 1986 முதல் 13 பவுண்டுக்கு மேற்பட்ட பெண் மீன்களை மீன்பிடிக்காரரிடமிருந்து பெற்று, பொரிப்பகத்தில் குஞ்சு எடுத்து ஏரிகளில் விடுகிறது. ஆக, அங்கே மீன் இருப்பதற்கு விதியும் வெயிலும் மட்டும் காரணமில்லை.

நன்னீர் (பஃபலோ)

இரண்டு பக்கமும் சரியான தகவலோடு பேசுகிறீர்கள், ஆனால் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறீர்கள். ஒரு கூட்டுக்கு என்ன ஆகிறது என்பது ஒன்று, ஏரிக்கு என்ன ஆகிறது என்பது இன்னொன்று. கூட்டுக்குக் கெடுதல், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எங்கள் நியூயார்க்கில் வசந்தகாலத்தில் பிடித்து விடலாம் என்று திறந்துவிட்ட பிறகு ஈரி, ஒனைடா, கனடராகோ மூன்று ஏரிகளிலும் திறப்பதற்கு முன்னும் பின்னும் பிறந்த குஞ்சுகளின் அளவை ஒப்பிட்டுப் பார்த்தார்கள், பெரிய பாதிப்பு எதுவும் தெரியவில்லை. ஒரு பெண் மீன் ஆயிரக்கணக்கில் முட்டையிடும், எல்லாக் கூடும் ஜெயித்தாலும் ஏரியில் அத்தனைக்கும் இடமும் இரையும் கிடையாது. பத்துக் கூட்டில் மூன்று போனால் மீதி ஏழின் குஞ்சுகள் நன்றாக வளரும். நான் மேயில் மீன் பிடிக்கிறேன். பார்த்தே குறி வைத்து, கூட்டின் மேல் டியூபை மறுபடி மறுபடி இறக்குவதை மட்டும் செய்ய மாட்டேன்.

நீர்க்காகம்

நன்னீர் சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ஏரிக்குப் பாதிப்பில்லை என்று ஆய்வே சொல்லும்போது மனவருத்தத்தை வைத்து விதி போட முடியாது. ஒரே ஏரி, நடுவில் எல்லைக்கோடு. மே கடைசியில் என் பக்கம் சட்டப்படி பிடிக்கிறேன், கோட்டுக்குக் கிழக்கே ஒண்டாரியோவில் பாஸைக் குறி வைத்தாலே அபராதம், விட்டுவிட்டாலும் அபராதம். மீனுக்குக் கோடு தெரியாது. இரண்டு பக்கமும் மீன் நன்றாகத்தான் இருக்கிறது என்றால் அந்த மூடிய காலத்தால் கிடைத்த லாபம் என்ன? கரையோரம் தம்பி இதற்கு நேரடியாகப் பதில் சொல்லட்டும்.

கரையோரம்

நேரடியாகவே சொல்லுறன். அந்த மூன்று ஏரியும் பரந்த தண்ணீர், ஈரியைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. கனக்கக் கூடு ஆழத்தில், கலங்கலில், ஆள் கண்ணுக்குப் படாமல் இருக்கும். அதே முடிவை நூறு ஏக்கர் ஏரிக்குக் கொண்டுவராதேயுங்கோ. ஒன்ராறியோவில் அப்படியான சின்ன ஏரிகள் எண்ணிக்கையில்லாமல் இருக்குது, கரையைச் சுற்றி ஒருக்கா துடுப்புப் போட்டாலே எல்லாக் கூட்டையும் பார்த்துவிடலாம். ஆளும் முன்னரைப் போல இல்லை, கருவியும் முன்னரைப் போல இல்லை. இப்ப மின் மோட்டார் ஜிபிஎஸ் பூட்டுப் போட்டு ஒரே இடத்தில் நிற்குது, முன்னே என்ன மீன் நிற்குது என்று திரையில் நேரடியாகத் தெரியுது, ஒருவர் கண்ட கூடு அன்றிரவே பத்துப் பேருடைய ஃபோனில். ஒரே ஆண் ஒரே கிழமையில் எத்தனை தரம் மேலே வரும் என்று யோசியுங்கோ.

இதுக்கும் மேலே ஒன்று இருக்குது. இல்லினோயில் ரிட்ஜ் ஏரி என்ற சின்ன ஏரியிலிருந்து லார்ஜ்மவுத்தை எடுத்துக் குளங்களில் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, சுலபமாகத் தூண்டிலில் படுகிறதையும் படாததையும் பிரித்துப் பார்த்தார்கள். அந்தக் குணம் பரம்பரையாகக் கடத்தப்படுகிறது என்று கண்டார்கள். பிறகு பார்த்தால், சுலபமாகப் படுகிற ஆண்கள்தான் கூட்டை நன்றாகக் காக்கிற ஆண்கள். நல்ல தகப்பனைத்தான் நாங்கள் பொறுக்கி எடுக்கிறோம் அண்ணை. இந்த வருசக் கணக்கில் அது தெரியாது.

தெற்கத்தி

ரிட்ஜ் ஏரி விஷயம் எனக்குப் புதிது, தேடிப் படிக்கிறேன். ஆனாலும் கேட்கிறேன், பிடித்து உடனே விட்டால் அந்த ஆண் திரும்பிக் கூட்டுக்குத்தானே போகிறது? நான் பார்த்தவரை நேரே அங்கேதான் ஓடுகிறது. எடைபோட லைவ்வெல்லில் (படகிலுள்ள தண்ணீர்த் தொட்டியில்) போட்டு ஏரியின் மறுமுனைக்குக் கொண்டு போகும் போட்டிகளை வேண்டுமானால் அந்த மாதங்களில் நிறுத்தச் சொல்லுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். தனி ஆள் பிடித்து விடுவதை அதோடு சேர்க்காதீர்கள்.

நன்னீர்

திரும்பிப் போகும், களைத்துப் போகும். நீண்ட நேரம் இழுத்து விளையாடவிட்ட மீனும், படத்துக்காகக் காற்றில் தூக்கிப் பிடித்த மீனும் திரும்ப நேரமாகும், சிலது கூட்டையே கைவிட்டுவிடும். அதனால் விடுவது எப்படி என்பதை விட எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் பெரிது. மெல்லிய ராடில் ஐந்து நிமிடம் போராடிவிட்டு "உடனே விட்டேன்" என்று சொல்ல முடியாது.

புதுத்தூண்டில் (மிசிசாகா)

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். ஒன்பது வயது மகன், மே மாதமே ஏரிக்குப் போக வேண்டும் என்று அடம். பாஸ் கூடாது என்றால் வேறு எதைத் தேடிப் போவது? தெரியாமல் பாஸ் மாட்டினால் அபராதமா?

கரையோரம்

தெரியாமல் மாட்டினால் பயமில்லை தம்பி, உடனே விட்டால் சரி. தேடிப் போவதுதான் கூடாது. மே மாதத்தில் ரைஸ் ஏரிப் பக்கம் கரையிலேயே கிராப்பி, புளூகில் வரும். சின்ன ஜிக் (ஈயத் தலை வைத்த முள்), மேலே மிதவை, மிதவைக்குக் கீழே இரண்டு மூன்று அடி நூல், பழைய நாணல் பக்கமாக எறிந்துவிட்டுச் சும்மா விடுங்கோ. பிள்ளைக்கு மிதவை அமிழுவதைப் பார்ப்பதே கொண்டாட்டம். எண்ணிக்கை வரம்பை அந்த மண்டலத்துக்கான விதியில் பார்த்துக்கொண்டு நாலைந்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம். கிராப்பி சொதிக்கு நல்ல மீன். பாஸுக்கு ஜூன் மூன்றாம் சனி அல்லது நாலாம் சனி, எந்த மண்டலம் என்று பார்த்துவிட்டுப் போங்கோ. வட்டமான வெள்ளைக் கல் தெரிந்தால் மகனுக்குக் காட்டுங்கோ, தூண்டிலை மட்டும் அங்கே போடவேண்டாம்.

நீர்க்காகம்

மகனோடு போகிறவருக்குக் கரையோரம் சொன்னது நல்ல யோசனை. என் பக்கத்தைப் பொறுத்தவரை, ஏப்ரலிலும் மே முதல் வாரத்திலும் கூடு போடும் முன்னே ஆழ விளிம்பில் ஜெர்க்பெய்ட் (மீன் வடிவப் போலி இரை) இழுப்பதை யாராலும் குற்றம் சொல்ல முடியாது, மீனும் அப்போதுதான் எடை அதிகம். கூட்டு மீன் விஷயத்தில் மிச்சிகன் விதி மாறும்வரை நான் மாறப்போவதில்லை. ஆனால் சின்ன ஏரிக்குத் தனி விதி வேண்டும் என்று கரையோரம் சொன்னதை மறுக்க என்னிடம் ஆய்வு எதுவும் இல்லை. யாரிடமாவது இருந்தால் இங்கேயே போடுங்கள்.

கரையோரம்

உங்களுடைய ஏரியிலேயே இந்த மே ஒன்று செய்து பாருங்கோ அண்ணை. ஒரு கூட்டைக் கண்டால் மீனைப் பிடிக்க முன் ஐந்து நிமிடம் சும்மா நின்று, சுற்றிக் கோபி எத்தனை இருக்குது என்று எண்ணுங்கோ. பிறகு பிடிப்பதா விடுவதா என்று நீங்களே முடிவெடுங்கோ. எண்ணிக்கையை மட்டும் இங்கே எழுதுங்கோ.