ஆச்சி இல்லாத முதல் தை: சிறுவீட்டுப் பொங்கல் வைக்கலாமா?

கேள்வி: தாமிரபரணிக்கரை

எங்கள் ஆச்சி கடந்த புரட்டாசியில் காலமானார். அம்பாசமுத்திரத்திற்கு அருகே உள்ள எங்கள் பூர்விக வீட்டில் அவர் இருந்தவரை, மார்கழி பிறந்ததும் முற்றத்தில் களிமண்ணால் சிறுவீடு கட்டி, அடுக்களைக்கும் வாசலுக்கும் இடம் விட்டு, சுவர்களுக்குக் காவி பூசி, பேத்திகளுக்கும் பிறகு என் மகளுக்கும் தைமாதத்தில் சிறுவீட்டுப் பொங்கல் வைத்துக் கொடுப்பார். சுவரை அவரே எழுப்பினாலும், வாசற்படியை மட்டும் எங்கள் விரலால்தான் வழித்துவிடச் சொல்வார்.

இந்த ஆண்டு துஷ்டி விழுந்த வீடு என்பதால் எந்தப் பண்டிகையும் கிடையாது என்று அப்பா சொல்லிவிட்டார். பெரியவர்கள் வைக்கும் பொங்கலை நிறுத்துவது எனக்குப் புரிகிறது. ஆனால் எட்டு வயதுக் குழந்தையின் சிறுவீட்டுப் பொங்கலையும் நிறுத்தத்தான் வேண்டுமா? மேலும், அரிசி, வெல்லம் இவற்றின் அளவெல்லாம் ஆச்சியின் கைக்கணக்கிலேயே இருந்தன. எங்கள் வீட்டில் எவரும் எழுதி வைக்கவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: மேலத்தெரு அண்ணாச்சி

தங்கள் ஆச்சியின் மறைவுக்கு என் இரங்கல். நம் பக்கத்தில் ஓராண்டுக்குப் பண்டிகை இல்லை என்பது பெரும்பாலும் இறந்தவரின் மகன்களையும் தந்தைவழிப் பங்காளிகளையும் கட்டுப்படுத்துவது. தாங்கள் மணமாகி வேறு குடும்பத்திற்குச் சென்றவர் என்றால், தங்கள் மகள் அந்தக் குடும்பத்துப் பிள்ளை. அவளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை என்றே எங்கள் தெருவில் கொள்வார்கள். பதினாறாம் நாள் விசேஷத்தோடு தீட்டு முடிந்தது என்று கருதும் குடும்பங்களும் உண்டு, முதலாண்டுத் திதியான தலைத்திவசம் வரை விளக்கு ஏற்றுவதோடு நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு. ஆகவே ஊர் வழக்கத்தைவிடத் தங்கள் அப்பாவின் மனமே இதில் முக்கியம். தாயை இழந்தவர் அவர். அவரிடம் வாதாடி வாங்கும் அனுமதியில் எனக்கு உடன்பாடில்லை. தங்கள் புகுந்த வீட்டு முற்றத்தில் சிறுவீடு கட்டுங்கள், அப்பாவை வந்து பார்க்க மட்டும் அழையுங்கள்.

பதில்: பனங்கிழங்கு

அண்ணாச்சி சொல்வதை ஏற்கிறேன். ஒன்றைச் சேர்க்க வேண்டும். துஷ்டி வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை, பலகாரம் சுடுவதில்லை; அதனால்தான் சம்பந்தி வீட்டாரும் அண்டை வீட்டாரும் பண்டிகை நாளில் பொங்கலும் பலகாரமும் கொண்டுவந்து கொடுப்பார்கள். எங்கள் தாத்தா இறந்த ஆண்டில், எங்கள் வீட்டு அடுப்பில் பொங்கல் ஏறவில்லை என்றாலும், இலையில் பொங்கலும் சிறுகிழங்குப் பொரியலும் இல்லாமல் போகவில்லை. தங்கள் மகள் சிறுவீட்டில் வைத்த பொங்கலை ஒரு தூக்குவாளியில் தாத்தா வீட்டிற்கு எடுத்துச் செல்லட்டும். அதை வேண்டாம் என்று சொல்லும் அப்பாவை நான் இன்னும் பார்த்ததில்லை.

பதில்: உழக்கு

அளவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! ஆச்சி புழங்கிய உழக்கும் பானையும் வீட்டில் இருக்கின்றனவா என்று முதலில் தேடுங்கள். படியில் நாலில் ஒரு பங்கு உழக்கு; ஆனால் பழைய பாத்திரங்கள் விளிம்பு தேய்ந்தும் நெளிந்தும் இருக்கும் என்பதால், அதே உழக்கில் அரிசியை அளந்து எடைபோட்டு எழுதி வையுங்கள். குழந்தையின் சிறிய பானைக்கு ஓர் ஆழாக்கே, அதாவது அரை உழக்கே, தாராளம். எங்கள் வீட்டில் அரிசியின் எடையைப் போல ஒன்றரை மடங்கு வெல்லம்; இனிப்பு மட்டாக வேண்டுமென்றால் சம அளவு போதும். வெல்லத்தைத் தனியே கரைத்து வடிகட்டி, அரிசி நன்றாகக் குழைந்த பிறகே ஊற்ற வேண்டும். முன்னால் ஊற்றினால் அரிசி விறைத்துக்கொள்ளும். ஆச்சியோடு அடுக்களையில் நின்றவர் யாராவது இருப்பார், பெரும்பாலும் ஓர் அத்தை. அவரை அருகில் உட்காரவைத்துச் செய்யச் சொல்லுங்கள். கேட்டால் நினைவுக்கு வராத அளவு, செய்யும்போது கைக்குத் தானே வந்துவிடும்.

கேட்டவரின் மறுமொழி: தாமிரபரணிக்கரை

அனைவருக்கும் நன்றி. அத்தையிடம் பேசினேன்; உழக்கு அவரிடம்தான் இருக்கிறதாம். சிறுவீட்டை என் மாமியார் வீட்டில் கட்டுவதாக முடிவு செய்திருக்கிறோம். அப்பா மறுக்கவில்லை, அடுப்பாக வைக்கும் பொங்கல் கட்டிகளுக்கு யார் காவிப் பட்டை அடிப்பது என்று மட்டும் கேட்டார். இன்னும் ஒரு சந்தேகம்: பூசணிப்பூ வைத்த சாணத்தை வறட்டியாகத் தட்டி ஆற்றில் விடுவோமே, அதை எப்போது தொடங்க வேண்டும்?

பதில்: மேலத்தெரு அண்ணாச்சி

மார்கழி முதல் நாளே தொடங்கிவிடுங்கள். காலையில் கோலத்தில் வைத்த சாண உருண்டையை அன்றன்றே பூவோடு சேர்த்து மெல்லிதாகத் தட்டிச் சுவரில் காயவிட வேண்டும். மார்கழிப் பனியில் காய நாளாகும். தடிப்பாகத் தட்டினால் நடுவில் ஈரம் நின்று, சூடம் ஏற்றி ஆற்றில் விடும்போது மிதக்காது. கடைசி வாரத்து வறட்டிகளை மொட்டைமாடி வெயிலில் திருப்பித் திருப்பிப் போடுங்கள்.