மினி கார் மாடல், மார்க் 3: கதவுக் கீல் எடுத்த இடம் பிரைமருக்குப் பிறகு பள்ளமாகத் தெரிகிறது, உதவி தேவை

யீஷூன் செல்வா:
வணக்கம். 1/24 அளவு பிளாஸ்டிக் மாடல் கிட் ஒன்று, மினி காரின் முதல் வடிவமான மார்க் 1. அதை மூன்றாவது வடிவமான மார்க் 3 ஆக்கிக்கொண்டிருக்கிறேன். மாமனார் எழுபதுகளில் ஓட்டிய வண்டி, அவர் பிறந்தநாளுக்குக் கொடுக்க. மார்க் 3-ல் கதவுக் கீல் உள்ளே போய்விட்டது. அதனால் வெளியே துருத்திக்கொண்டிருந்த நான்கு கீலையும் செதுக்கி, பள்ளம் அடைக்கும் டியூப் புட்டி அப்பி, சாண்ட்பேப்பர் போட்டேன். விரலால் தடவினால் வழுவழுவென்றுதான் இருந்தது. பெயிண்டுக்கு முன் அடிக்கும் சாம்பல் பிரைமர் அடித்துக் காய்ந்ததும் கீல் வடிவத்திலேயே லேசாகப் பள்ளம். மறுபடி பூசினாலும் அதே கதை. கதவைச் சுற்றி ஓடும் இடைவெளிக் கோடும் அங்கங்கே அடைந்துபோச்சு. போட்டோ போட்டிருக்கிறேன்.

பழைய பிளாஸ்டிக்:
தம்பி, டியூப் புட்டி கரைப்பான் ஆவியாகித்தான் காயும். ஆவியாக ஆவியாகச் சுருங்கும். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே இளசாகவே கிடக்கும். அதன்மேல் லாக்கர் பிரைமர் அடித்தால் இன்னும் இளகும். சுரண்டி எடுத்துவிட்டு சூப்பர் குளூவில் பேபி பவுடர் கலந்து ஊசி முனையால் வையுங்கள், அவ்வளவாகச் சுருங்காது. ஆனால் இறுகிய ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். ராத்திரி விட்டுவைத்தால் பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகி, சுற்றியிருப்பதுதான் தேயும். சாண்ட்பேப்பர் 400, 600, 1000 எண் என்று வரிசையாகத் தண்ணீர் தொட்டு, தாளைச் சின்னக் கட்டையில் சுற்றித் தேய்க்கணும். வெறும் விரல் பள்ளத்துக்குள்ளேயே இறங்கிப் போகும்.

ஜூரோங் ரவி:
எதுக்கு இந்தப் பாடு? பிற்கால ரோவர் மினி கிட் வாங்குங்க, அதில் வெளிக்கீலே கிடையாது.

கிளமெண்டி அக்கா:
ரவி, ரோவரில் 12 அங்குலச் சக்கரம், சக்கர வளைவில் பிளாஸ்டிக் விளிம்பு, எல்லாம் 1984-லிருந்துதான் வழக்கமாச்சு. மார்க் 3-க்கு 10 அங்குலம். ஒரு வேலையைத் தவிர்க்கப் போய் நாலு வேலை.

செல்வா, போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன் சக்கரத்துக்கும் கதவுக்கும் நடுவே மேலிருந்து கீழே ஓடும் தகட்டு மடிப்பு பாதி தேய்ந்திருக்கே? 1959 முதல் 2000-ல் கடைசி வண்டி வரை எல்லா மினிக்கும் அது உண்டு. கீல் போகலாம், அது போனால் முகமே மாறிடும். ஸ்ப்ரூவை, அதாவது கிட் பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் குச்சியை, மெழுகுவர்த்தியில் காட்டி முடி மாதிரி இழுத்து, மெல்லிய பிளாஸ்டிக் சிமெண்ட் பசையில் ஒட்டுங்க. அதுக்கு முன்னாடி கதவுக் கோடு: தடித்த லேபிள் டேப்பான டைமோ டேப்பை ஓரமாக ஒட்டி, கத்தியின் பின்முனையால் அழுத்தாமல் பலமுறை இழுங்க. சூப்பர் குளூவும் பிளாஸ்டிக்கும் சேரும் இடத்தில் முனை வழுக்கும், அங்கே நிதானம். நிஜ வண்டியில் 5 மி.மீ இடைவெளி என்றால் நமக்கு 0.2 மி.மீ தான், அகலமாக்கிடாதீங்க.

யீஷூன் செல்வா:
நன்றி அண்ணே, அக்கா. சுரண்டினேன், உள்ளே இன்னும் மெத்தென்றுதான் இருந்தது! மடிப்பையும் இழுத்து ஒட்டிவிடுகிறேன். கதவுக் கண்ணாடியில் நடுவே ஒரு கோடு இருக்கிறதே, அதை என்ன செய்ய?

பழைய பிளாஸ்டிக்:
மார்க் 1-ல் தள்ளித் திறக்கும் கண்ணாடி, அதன் கோடு அது. மார்க் 3-ல் சுற்றி இறக்குவது, கோடு வேண்டாம். தேய்த்து 2000 எண் தாளில் முடித்து, பாலிஷ் காம்பவுண்ட் போட்டால் தெளிஞ்சிடும். இன்னொன்று, மழை பெய்யும் மதியத்தில் லாக்கர் அடிக்காதீங்க. இந்த ஈரத்தில் வெளுத்துப் போகும். ஏர்கான் அறையில் அடிப்பதென்றால் புகை வெளியேற வழி வையுங்க.

கிளமெண்டி அக்கா:
பின்பக்கப் போட்டோ இருக்கா? 1967-ல் மார்க் 2 வந்தபோதே பின்கண்ணாடியும் பின்விளக்கும் பெரிசாயிடுச்சு. கிட்டில் இருப்பது சின்னது.

யீஷூன் செல்வா:
ஐயோ, அது வேறயா! நாளைக்குப் போடுகிறேன் அக்கா.